அம்பு ஏன் இடப்பக்கம் போனது? பாரம்பரிய வில்வித்தையில் நிலையும் குறியும்

கடந்த வருட இறுதி விடுமுறையில் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டு வந்து, எங்கள் வளவுக்குள் தென்னைகளுக்கிடையில் என் சகோதரியின் மகன் ஆறு அம்புகளை எய்தான். அவனுக்குப் பதினைந்து வயது. நான் கற்பிக்கும் பாடசாலையிலேயே தரம் 10இல் படிக்கிறான். பழந்துணிகளைத் திணித்துக் கட்டிய பெரிய சாக்குதான் இலக்கு. அதன் பின்னால் ஆளுயர மணல் மேடு. தூரம் 10 மீற்றர். ஆறு அம்புகளில் ஒன்றுகூட சாக்கின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் படவில்லை. எல்லாமே ஒரு முழம் இடப்பக்கம் விலகி, சில சாக்கின் ஓரத்திலும் சில மணலிலும் குத்தி நின்றன.

"குறியப் பாத்து உடு மகன்" என்றேன்.

"பாத்துத்தான் மாமா உடுறன்" என்றான்.

மூன்று கிழமைகளாக எங்களுக்கிடையில் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் சொன்ன வசனமும் மாறவில்லை. அவனது அம்புகள் விழுந்த இடமும் மாறவில்லை. இருபது வருடங்களாகக் கற்பிக்கும் ஒருவனுக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. பையன் கவனமில்லாமல் இருக்கிறான் என்றே நினைத்தேன்.

அந்த அம்புகள் ஏன் இடப்பக்கம் போயின என்பதைச் சொல்வதென்றால், அம்பெய்தல் என்ற கலை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் விளக்க வேண்டும். இக்கட்டுரையின் நோக்கமும் அதுதான்.

சிறப்பைப் பேசுகிறோம், கலையைப் பேசுவதில்லை

எமது சமூகத்தில் வில்வித்தையின் சிறப்பு அடிக்கடி பேசப்படுகிறது. அல்குர்ஆனின் அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் வரும் 'பலம்' என்ற சொல்லுக்கு, நபி (ஸல்) அவர்கள் மின்பரில் நின்று அம்பெய்தலையே விளக்கமாகக் கூறியதை உக்பா பின் ஆமிர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. அக்கலையைக் கற்ற பின்னர் கைவிடுவதைக் கண்டிக்கும் அறிவிப்பும் அதே கிரந்தத்தில் இருக்கிறது. ஜும்ஆ பிரசங்கங்களில் இவற்றைக் கேட்கிறோம், முகநூலில் பகிர்கிறோம். ஆனால் எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, எதைப் பார்ப்பது என்று கேட்டால் எம்மில் பெரும்பாலானோரிடம் பதில் இல்லை.

என்னிடமும் இருக்கவில்லை. நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற ஒரு கணித ஆசிரியன். புலமைப்பரிசில் கிடைத்து இஸ்தான்புல்லில் படித்த என் மாமாவின் மகன், அங்கே ஓய்வு நேரத்தில் கற்ற வில்வித்தையோடும் ஒரு துருக்கி வகை வில்லோடும் ஊர் திரும்பினார். அவரிடம்தான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நான் இதைக் கற்கத் தொடங்கினேன். முதல் நாளே அவர் சொன்னது: "அம்பப் பாக்காத மச்சான். படவேண்டிய இடத்த மட்டும் பார். மத்ததெல்லாம் உடம்பு செய்யணும்."

அந்த 'மத்ததெல்லாம்' என்ன என்பதைத்தான் முஸ்லிம் உலகின் வில்வித்தை நூல்கள் நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கின்றன. மம்லூக் ஆட்சிக்கால ஷாம் தேசத்தில் தைபுகா அல்-பக்லமிஷி என்பவர் 1368ஆம் ஆண்டளவில் செய்யுளாக ஒரு வில்வித்தை நூலை எழுதி, அதற்குத் தானே விளக்கவுரையும் எழுதினார். மொரோக்கோவில் 1500ஆம் ஆண்டளவில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய அரபு நூல், 1945இல் 'அரப் ஆச்சரி' என்ற பெயரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. அதை மொழிபெயர்த்த இருவரில் ஒருவரான நபீஹ் அமீன் ஃபாரிஸ், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவின் பகுதிகளையும் ஆங்கிலத்தில் தந்தவர். மற்றவர் ரொபர்ட் எல்மர் என்ற அமெரிக்க வில்லாளி. அறிஞர் ஒருவரும் வில்லாளி ஒருவரும் சேர்ந்தால்தான் அந்நூலை மொழிபெயர்க்க முடிந்தது. அதிலிருந்தே இது எவ்வளவு நுட்பமான கலை என்பது புரியும்.

முதலில் நிற்கும் நிலை

அம்பெய்தலின் முதற்படி கால்களில் தொடங்குகிறது. பழைய அரபு நூல்கள் மூன்று விதமான நிலைகளைச் சொல்கின்றன. இலக்கை நேரே நோக்கி நிற்பது. தோள் இலக்கைப் பார்க்க உடலைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. அபூ ஹாஷிம், தாஹிர் அல்-பல்கி, இஸ்ஹாக் அர்-ரஃப்ஃபா ஆகிய மூவரையும் இக்கலையின் பேராசான்களாக அந்நூல்கள் குறிப்பிடுகின்றன. மூவரின் முறைகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எது சரி என்று சண்டை பிடிக்காமல், கற்பவரின் உடலமைப்புக்கு எது பொருந்துகிறதோ அதைக் கொள்ளலாம் என்ற போக்கு அந்நூல்களில் இருப்பதைக் கண்டு ஓர் ஆசிரியனாக நான் வியந்தேன்.

எந்த நிலையானாலும் விதி ஒன்றுதான். இரு பாதங்களிலும் பாரம் சமமாக இருக்க வேண்டும். அம்பு போய்ச் சேரும் வரை நிலை கலையக் கூடாது. இதைச் சொல்லும்போது உஹத் நினைவுக்கு வருகிறது. அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரழி) அவர்களின் தலைமையில் குன்றின் மேல் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகள் குறி தவறியவர்கள் அல்லர். அவர்களில் பெரும்பாலானோர் நிற்கச் சொன்ன இடத்தை விட்டு இறங்கியதுதான் அன்றைய நிலைமையை மாற்றியது. அது கட்டளைக்குக் கீழ்ப்படிதல் பற்றிய பாடம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் நாணை இழுத்தபடி நிற்கும்போது, நின்ற இடத்தில் உறுதியாக நிற்பது என்பதன் பொருள் கால்களுக்கும் விளங்குகிறது.

பிடியும் இழுவையும்

அடுத்தது வில்லைப் பிடிக்கும் கை. புதிதாகப் பழகுபவர் எல்லோரும் செய்யும் பிழை, வில்லை இறுக்கிப் பிடிப்பது. இறுக்கினால் மணிக்கட்டு திரும்பும். அது திரும்பினால் வில் திரும்பும். வில் திரும்பினால் அம்பு பக்கவாட்டில் போகும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் வில்லைத் தள்ளி, விழுந்து விடாத அளவுக்கு மட்டும் விரல்களால் தாங்கினால் போதும்.

நாணை இழுக்கும் முறையில் ஐரோப்பியருக்கும் கிழக்கத்தியருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆங்கிலேயர் மூன்று விரல்களால் இழுப்பர். வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் இருக்கும். அரபிகள், துருக்கியர், பாரசீகர், மொங்கோலியர் முதலானோர் பெருவிரலால் இழுத்தனர். பெருவிரலை நாணுக்குள் கொக்கி போல வளைத்து, அதன் நுனியின் மேல் சுட்டுவிரலை வைத்துப் பூட்டுவார்கள். அம்பு வில்லின் வலப்பக்கம் இருக்கும். நாண் பெருவிரலை அறுக்காமலிருக்க எலும்பு, கொம்பு, உலோகம், தோல் போன்றவற்றால் செய்த மோதிரம் அணிவார்கள்.

இந்தப் பூட்டுக்கு அரபு நூல்களில் 'அறுபத்து மூன்று' என்று பெயர். அக்காலத்தில் எண்களை விரல் சைகையால் காட்டும் ஒரு முறை இருந்தது. கடைசி மூன்று விரல்களையும் மடித்தால் 3. சுட்டுவிரலைப் பெருவிரலின் மேல் வளைத்தால் 60. இரண்டும் சேர்ந்த கைதான் வில்லாளியின் கை. கணிதம் கற்பிப்பவன் என்பதால் இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்துப் போனது.

இழுப்பது கையின் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது முதுகின் வேலை. முழங்கை அம்பின் நேர்கோட்டில் பின்னால் போக, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். கையால் மட்டும் இழுப்பவரின் கை சில செக்கன்களிலேயே நடுங்கத் தொடங்கிவிடும்.

கன்னத்தில் 1 சென்ரிமீற்றர்

இழுத்த கை எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வாயின் ஓரம், தாடை, காதுமடல் என்று ஒவ்வொரு மரபிலும் ஓர் இடம் உண்டு. எந்த இடமாகவும் இருக்கலாம்; ஆனால் ஒவ்வோர் அம்புக்கும் அதே இடமாக இருக்க வேண்டும். ஏனென்று ஒரு சிறிய கணக்கால் விளங்கிக் கொள்ளலாம்.

துப்பாக்கியில் முன்னால் ஒரு குறிமுள்ளும் பின்னால் ஒரு குறிப்பள்ளமும் இருக்கும். இரண்டையும் நேர்கோட்டில் வைத்துச் சுடுவார்கள். பாரம்பரிய வில்லில் இவை இரண்டுமே இல்லை. அம்பின் முனை முன்குறி என்று வைத்துக்கொண்டால், பின்குறி எது? நமது கன்னத்தில் கை வந்து நிற்கும் இடம்தான். இழுத்த நிலையில் அம்பின் வாலுக்கும் வில்லுக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். அம்பின் வால் வழமையான இடத்திலிருந்து 1 சென்ரிமீற்றர் மேலேயோ கீழேயோ விலகினால், 20 மீற்றர் தொலைவில் அம்பு ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் விலகும். கன்னத்தில் ஒரு விரற்கடைக்கும் குறைவான தவறு, இலக்கில் ஒரு சாணுக்கும் மேற்பட்ட தவறாகி விடுகிறது. கண் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் இதைத் திருத்த முடியாது.

இங்கிலாந்தில் 1545இல் 'டொக்ஸோஃபிலஸ்' என்ற வில்வித்தை நூலை எழுதிய ரோஜர் அஸ்கமும் ஓர் ஆசிரியர்தான். பிற்காலத்தில் முதலாம் எலிசபெத் அரசியாக முடிசூடிய இளவரசிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அம்பெய்தலை அவர் ஐந்து அங்கங்களாகப் பிரித்தார்: நிற்றல், தொடுத்தல், இழுத்தல், நிறுத்திப் பிடித்தல், விடுதல். குறி பார்த்தல் அந்த ஐந்தில் ஒன்றாக இல்லை. ஐந்தும் ஒழுங்காக அமைந்து, கண் இலக்கிலேயே நிலைத்திருந்தால் குறி தானாக அமையும் என்பதே அதன் உட்பொருள்.

குறி பார்க்கும் வழிகள்

அப்படியானால் குறி பார்ப்பதே தேவையில்லையா? தேவைதான். அதற்கு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன.

முதலில் ஒரு விடயத்தை மனதில் கொள்ள வேண்டும். அம்பு நேர்கோட்டில் பறப்பதில்லை. சாதாரண பாரம்பரிய வில்லிலிருந்து செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் ஓர் அம்பு புறப்படுவதாகக் கொள்வோம். 10 மீற்றர் போவதற்குள் அது புறப்பட்ட கோட்டிலிருந்து ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் கீழே இறங்கிவிடும். 20 மீற்றர் போவதற்குள் கிட்டத்தட்ட 1 மீற்றர் இறங்கும். தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்காகும். எனவே தூரம் மாறும்போதெல்லாம் வில்லை உயர்த்தும் அளவும் மாற வேண்டும்.

முதலாவது வழி, அம்பின் முனையை அளவுகோலாகக் கொள்வது. அம்பின் வால் கண்ணுக்குக் கீழே இருப்பதால், கிட்டிய தூரத்தில் அம்பின் முனை இலக்குக்குக் கீழே தெரியும்படி பிடித்தால்தான் அம்பு இலக்கில் படும். தூரம் கூடக் கூட அந்த இடைவெளி குறையும். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் முனையை இலக்கின் மேலேயே வைக்கலாம். அதற்கு அப்பால் முனை இலக்குக்கு மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு தூரத்துக்கும் உரிய இடைவெளியை வில்லாளி மனதில் பதித்து வைத்திருப்பார்.

இரண்டாவது வழியில் கண் இலக்கையே பார்க்கும். அம்பின் முனை பார்வையின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும். 1938இல் வெளிவந்த ரொபின் ஹூட் திரைப்படத்துக்காக அம்பெய்த அமெரிக்கரான ஹவார்ட் ஹில் இவ்வாறுதான் எய்தார்.

மூன்றாவது வழியில் அம்பை அறவே கவனிப்பதில்லை. இலக்கின் ஒரு சிறு புள்ளியைப் பார்த்தபடி இழுத்து விடுவது. பந்தை எறியும் பிள்ளை கையைப் பார்த்தா எறிகிறது? அதுபோலத்தான். ஆனால் பந்தெறியும் பிள்ளை அதற்கு முன் பல ஆயிரம் தடவை எறிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அரபு நூல்கள் இன்னொரு கோணத்திலும் இதைப் பார்க்கின்றன. வில்லின் வெளிப்புறமாக இலக்கைப் பார்ப்பதா, உட்புறமாகப் பார்ப்பதா, இரு கண்களுக்கும் பகிர்ந்து பார்ப்பதா என்று அவை ஆராய்கின்றன. இரண்டு கண்களும் ஒரே காட்சியைக் காண்பதில்லை என்பதை அந்த ஆசான்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்தப் பக்கங்களை நான் வாசித்திருந்தேன். வாசித்தும் என் மருமகனின் அம்புகளோடு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

விடுதலும் அவசரமும்

விடுவது என்பது கடைசி அங்கம். நாணை விடுவிக்க விரல்களை விரிக்கக் கூடாது. பூட்டைத் தளர்த்தினால் நாண் தானாகவே போய்விடும். பெருவிரலால் எய்பவர்கள் அந்தக் கணத்தில் வில் பிடித்த கையைச் சிறிது அசைத்து, அம்பின் பாதையிலிருந்து வில்லை விலக்குவார்கள். அதற்குக் 'கத்ரா' என்று பெயர். அம்பு வில்லைக் கடக்கும்போது மீன் போல வளைந்து நெளிந்துதான் போகிறது. அதற்கேற்ற வளையுந்தன்மை இல்லாத அம்பை எவ்வளவு திறமையாக எய்தாலும் அது நேரே போகாது. வில்லின் பலத்துக்குப் பொருத்தமான அம்பைத் தெரிவு செய்வதும் இக்கலையின் ஒரு பகுதியாவது அதனால்தான்.

விடுவதில் எனக்கே ஒரு நோய் வந்தது. பழகத் தொடங்கி ஆறேழு மாதங்களில், அம்பின் முனை இலக்கின் அருகே வந்த உடனேயே கை தானாக விட்டுவிடும். கன்னத்துக்குக் கை வந்து சேரும் வரை பொறுக்க முடியவில்லை. வில்லாளிகள் பலருக்கும் வரும் பிரச்சினை இது. பட வேண்டுமே என்ற பதற்றம் கையை முந்திக்கொள்கிறது.

மச்சான் தந்த மருந்து உஸ்மானியர் காலத்து மருந்து. இஸ்தான்புல்லில் 'ஓக்மெய்தானி' என்றோர் இடம் இருக்கிறது. 'ஓக்' என்றால் அம்பு. 'மெய்தான்' என்பது நமது 'மைதானம்' என்ற சொல்தான். 1453இல் அந்நகரைக் கைப்பற்றிய சுல்தான் முஹம்மது அல்-ஃபாதிஹ் அதை வில்லாளிகளுக்காக ஒதுக்கினார். அங்கே வில்லாளியாகப் பதிவு பெற வேண்டுமானால் 900 கெஸ், அதாவது ஏறத்தாழ 600 மீற்றர் தூரம் அம்பை எய்து காட்ட வேண்டும். ஆனால் புதிய மாணவனுக்கு முதலில் அம்பே கொடுக்க மாட்டார்கள். 'கெபாஸே' என்ற மிக மெல்லிய பயிற்சி வில்லைக் கொடுத்து, அம்பில்லாமல் இழுத்து, நாணை விட்டுவிடாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவரச் செய்வார்கள். அதன் பிறகு, 'தொர்பா' எனப்படும் திணித்த பையொன்றின் மிக அருகில் நின்று எய்யச் செய்வார்கள். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் தவற விடவே முடியாது. தவற விட முடியாதபோது இலக்கைப் பற்றிய கவலை போய்விடுகிறது. உடல் தன் வேலையைக் கற்றுக்கொள்கிறது.

நானும் ஒரு மாதம் சாக்கிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நின்று எய்தேன். கடைசிக் கிழமையில் சில அம்புகளைக் கண்ணை மூடிக்கொண்டும் எய்தேன். நோய் குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆறும் ஒரே இடத்தில்

மருமகனின் கதைக்கு வருகிறேன். நான்காவது கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பையன் ஆறு அம்புகளையும் எய்து முடித்தான். வழமை போல எல்லாம் இடப்பக்கம். நான் வாயைத் திறப்பதற்கு முன் மச்சான் எழுந்து போய்ச் சாக்கையும் மணலையும் பார்த்தார்.

"ஆறும் ஒரே இடத்தில கிடக்கு. இவன் நல்லா எய்றான் மச்சான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். கவனமில்லாமல் எய்பவனின் அம்புகள் நாலா பக்கமும் சிதறும். ஆறும் ஒரு முழம் தள்ளி ஒரே இடத்தில் விழுந்தால், ஆறு தடவையும் அவன் ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி இழுத்து, ஒரே மாதிரிக் குறி பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். அப்படியானால் பிழைக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பிறகு அவனைக் கூப்பிட்டு, இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்துப் பெருவிரல்களுக்கு மேலே ஒரு சிறிய துவாரம் விடச் சொன்னார். இரண்டு கண்களையும் திறந்தபடி அத்துவாரத்துக்குள்ளால் தூரத்திலிருந்த ஒரு தேங்காயைப் பார்க்கச் சொன்னார். "இப்ப இடக்கண்ண மூடு." தேங்காய் மறைந்தது. "வலக்கண்ண மூடு." தேங்காய் தெரிந்தது.

விடயம் இதுதான். கைகளைப் போலவே கண்களிலும் ஒன்று முதன்மையாக இருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் கணிசமானோருக்கு இடக்கண் முதன்மைக் கண்ணாக இருக்கிறது. பையன் வலக்கையால் இழுக்கும்போது அம்பின் வால் அவனது வலக்கண்ணுக்குக் கீழே இருந்தது. ஆனால் அவனது மூளை இடக்கண் கண்ட காட்சியை நம்பி அம்பின் முனையை இலக்கோடு பொருத்தியது. அவன் கண்ட காட்சியில் முனை சரியாக இலக்கில்தான் இருந்தது. உண்மையில் அம்பு இடப்பக்கம் நோக்கியிருந்தது. "பாத்துத்தான் மாமா உடுறன்" என்று மூன்று கிழமைகளாக அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இதற்கு வழி, கையை மாற்றுவது. வில் வலக்கையில், நாண் இடக்கையில். என் உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இடக்கையாலயா செய்யுற?" என்று கேட்டார். "வில்லு வலக்கையிலதான் இருக்கு மூத்தம்மா" என்று பையனே பதில் சொன்னான். உம்மா சிரித்துவிட்டார்.

முதல் நாள் அம்புகள் கண்டபடி சிதறின. புதிய கைக்கு அது இயல்பு. ஆனால் ஒரே பக்கமாக ஒதுங்கவில்லை. மூன்றாம் கிழமையில் ஆறில் இரண்டு, மூன்று அம்புகள் தாளில் படத் தொடங்கின.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது அவனது கணிதக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முன்னைய தவணையின் முன்னேற்ற அறிக்கையில் நானே என் கையால் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். கொப்பியில் பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் சிதறியிருக்கவில்லை. அடைப்புக்குறிக்கு முன்னால் சயக் குறி வரும் இடங்களில் முதலாவது உறுப்பின் குறியை மட்டும் மாற்றி, இரண்டாவதை அப்படியே விட்டிருந்தான். ஏறத்தாழ எல்லாக் கணக்குகளிலும் அதே பிழை. ஆறு அம்புகளும் ஒரே இடத்தில். அன்று பத்து நிமிடங்கள் உட்கார்ந்து விளக்கினேன். ஒரு வருடமாக 'கவனமாகச் செய்' என்று சிவப்பு மையால் எழுதி வந்ததற்குப் பதிலாக, அந்தப் பத்து நிமிடங்களை முதலிலேயே கொடுத்திருக்கலாம். அவன் என் மருமகன் என்பதால் எனக்குத் தெரிய வந்தது. வகுப்பில் இன்னும் முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழக விரும்புவோருக்கு

வில்வித்தை பழக ஆசைப்படும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். பெரியவர்கள்கூட 25 முதல் 30 இறாத்தலுக்கு மேற்படாத வில்லோடு தொடங்குவது நல்லது. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. பாரமான வில் வீரத்தைக் காட்டாது, தோளைத்தான் கெடுக்கும். அம்பில்லாமல் நாணை இழுத்து ஒருபோதும் சட்டென்று விடாதீர்கள். வில் உடைந்து முகத்தில் தெறிக்கலாம். ஒவ்வொரு தடவையும் அம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இலக்குக்குப் பின்னால் மணல் மேடோ அம்பு துளைக்காத சுவரோ இருக்க வேண்டும். வானத்தை நோக்கி விளையாட்டுக்குக்கூட எய்யாதீர்கள். எல்லோரும் எய்து முடித்து வில்லைக் கீழே வைத்த பின்னரே அம்பு பொறுக்கப் போக வேண்டும். தெரிந்த ஒருவரின் மேற்பார்வை இல்லாமலும், அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்காமலும் தொடங்க வேண்டாம்.

துருக்கியின் பாரம்பரிய வில்வித்தை 2019இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த மரபு இவ்வளவு காலம் உயிரோடிருந்ததற்குக் காரணம், ஓர் ஆசான் ஒரு மாணவனின் அருகில் நின்று அவனது கையையும் காலையும் கண்ணையும் பொறுமையாகப் பார்த்ததுதான். நான் மேலே குறிப்பிட்ட ரோஜர் அஸ்கம் கல்வியைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பின்னர் 1570இல் அது வெளிவந்தது. அடியாலும் அச்சத்தாலும் அல்லாமல் அன்பால்தான் பிள்ளைகள் கற்பார்கள் என்பது அந்நூலில் அவர் வலியுறுத்திய கருத்து. வில்வித்தை நூலை எழுதிய ஒருவருக்கு அந்த எண்ணம் வந்ததில் எனக்கு இப்போது ஆச்சரியமில்லை.

பெற்றோருக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் அம்பு இலக்கில் படாதபோது, "குறியப் பாத்து உடு" என்று இன்னொரு முறை சொல்வதற்கு முன் எழுந்து போய் அம்புகள் எங்கே விழுந்து கிடக்கின்றன என்று பாருங்கள். சிதறிக் கிடந்தால் பயிற்சி கொடுங்கள். ஒரே இடத்தில் கிடந்தால், காரணத்தைத் தேடுங்கள்.